வரிசையின் கடைசி ஆள்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாதா திருவிழா நேற்றுதான் முடிந்தது. சப்பரத்தின் பின்னால் நடந்த கால்வலி போகுமுன் கம்பெனி என்னை டிரெயினிங்குக்கு அனுப்பிவிட்டது. ஆபத்து வந்தால் ஆட்களை எப்படி வெளியே கொண்டுபோவது என்று ஒரு நாள் முழுக்கப் பாடம். சொல்லித் தந்தவர் தீயணைப்புத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். தொண்டை மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

எங்கள் இறால் கம்பெனிக்குத் தீயைவிட அமோனியாதான் பயமாம். ஐஸையும் குளிர் அறைகளையும் குளிர வைப்பது அதுதான். மிஷின் ரூமில் குழாய் உடைந்தால் கண்ணும் தொண்டையும் எரியும், நெஞ்சு அடைக்கும். முகத்தில் ஈரத்துணி கட்டவேண்டும். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவேண்டும், அப்புறம்தான் போகும் பக்கம். எல்லாரும் ஓர் இடத்தில் கூடி நிற்க, தலைவர் பெயர் கூப்பிடவேண்டும். ஒரு ஆளும் திரும்ப உள்ளே போகக்கூடாது. இப்படி நிறையச் சொன்னார். மத்தியானம் பிரியாணி. என் பங்கில் ஒரே ஒரு கறித்துண்டு, அதுவும் எலும்பு.

இறால் உரிக்கும் ஹாலுக்கு நான் தலைவர். சிவப்புத் தொப்பியும் விசிலும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏட்டி அமலி, டிராபிக் போலீசு கெணக்கா இருக்கியே."

சிரிக்கட்டும். ஹாலில் அவளும் என் கீழ்தான் வேலை பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

கூடும் இடம் எது என்று மேனேஜர் கிருபாகரன் சார் முடிவு செய்துவிட்டார். காம்பவுண்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் வேப்பமரத்தடி. பச்சைப் பலகை எழுதி, சிமெண்ட் போட்டு நட்டார்கள். எனக்கும் அந்த இடம் பிடித்தது. இப்போது கச்சான் காலம், தென்மேற்கிலிருந்துதான் காற்று. மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் அது மிஷின் ரூமுக்குப் போகிறது, அங்கிருந்து கடலுக்கு. மரத்தடியில் அமோனியா நெடி துளிகூட இல்லை. பெண்கள் மத்தியானச் சோறு தின்பதும் அங்கேதான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முதல் டிரில். மானம் போயிற்று.

சைரன் அடித்ததும் நான் விசில் ஊதினேன். பாதிப் பேர் சிரித்தார்கள். சகாயராணி உரித்துக்கொண்டிருந்த இறாலை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒருத்தி சோத்துப் பையை எடுக்கத் திரும்ப உள்ளே போனாள். எப்படியோ வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டுபோய் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டால், விக்டோரியா என்ற பெயருக்குப் பதிலே இல்லை. அதாவது என் மதினி.

எல்லாரையும் நிறுத்திவிட்டுத் தேடினால், அவள் பேக்கிங் ஹால் வாசலில் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறாள். ஜெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காது மந்தம். குளிரில் காது மிஷின் கெட்டுவிடும் என்று வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடுவாள். சைரன் அவளுக்குக் கேட்டிருக்காது.

மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "உங்க சொந்தக்காரங்களே உங்க பேச்சைக் கேக்கலைன்னா மத்தவங்க எப்படிம்மா கேப்பாங்க?" என்றார். மதினியைப் பிடித்துச் சத்தம் போட்டேன். வீட்டில் போடுகிற சத்தமல்ல, சூப்பர்வைசர் சத்தம். அவள் கம்பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 21, புதன்

மதினி எனக்குக் காப்பி தரவில்லை. நானே போட்டுக் குடித்தேன். கேவலமாக இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, மீன் கழுவும்போது மதினியே ஆரம்பித்தாள்.

"அவளுக்குக் கேக்காதுட்டி. எல்லாரும் ஓடும்போது அவ மட்டும் குனிஞ்சு பொட்டி ஒட்டிக்கிட்டு இருப்பா. அத நெனச்சா எனக்குக் கால் நிக்கமாட்டேங்கு."

"பேக்கிங் ஹாலுக்குப் பேச்சியம்மா லீடர் மதினி. ஜெனிட்டாவ அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவா. அவகிட்ட நான் தனியாச் சொல்லி வச்சிருக்கேன். நீங்க ஓடுனா, உங்களத் தேடி ஒரு ஆளு ஓடணும். அவளத் தேடி இன்னொருத்தி. கடைசில எல்லாருஞ் சாவணும். அதுக்குத்தான் நிக்கச் சொல்லுதேன்."

"நெசமாக் கூட்டியாருவாளா?"

"மாதா மேல சத்தியம்."

சத்தியம் பண்ணியிருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது. ஆனால் மதினியின் முகம் தெளிந்துவிட்டது. சாளைக் குழம்பில் எனக்குத் தலை இல்லாத மீனாகப் பார்த்துப் போட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆடிட் வருகிறது. இறால் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் மூலை மூலையாகப் பார்ப்பார்களாம். தரை, சுவர், நகம், தலை வலை என்று நான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

மிஷின் ரூம் கூரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காற்றுப்பை பறக்கும், காற்றின் திசை காட்டுவதற்கு. கச்சானில் அடிபட்டு வாய்ப்பக்கம் கிழிந்து, கம்பியில் கந்தலாகத் தொங்கியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. மேனேஜரிடம் சொல்லிக் கழற்ற வைத்தேன். புதிது ஆர்டர் போடுவதாகச் சொன்னார். துணி நல்ல கெட்டித் துணி, குப்பையில் போட மனம் வரவில்லை. மதினி வீட்டுக்கு எடுத்து வந்து, கிழிசலை வெட்டி, அடியை மூடித் தைத்து, ஜெனிட்டாவுக்குச் சோத்துப் பை ஆக்கிவிட்டாள். அவள் கைக்கு எதுவும் வீணாகாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

தினமும் டிரில். இப்போது சைரன் அடித்தால் பேச்சு மூச்சு இல்லை. இறாலை அப்படியே போட்டுவிட்டு எழுகிறார்கள். இரண்டு இரண்டு பேராக வெளியே வந்து, வேப்பமரத்தடியில் ஒற்றை வரிசை. நான் முன்னால், வரிசை மிஷின் ரூம் பக்கமாக நீண்டு நிற்கும்.

மதினியை வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கிறேன். நடுவில் நின்றால் பேக்கிங் ஹால் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறாள், பக்கத்தில் நிற்பவர்களும் பார்க்கிறார்கள். கடைசியில் நின்றால் அவள் அசைந்தால் எனக்கு நேராகத் தெரியும். "ஸ்கூல்லயும் என்னக் கடைசி பெஞ்சுலதான் போட்டாக" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

"விசில் சத்தம் மறுபடி கேக்குற வரைக்கும் ஒருத்தியும் அசையக்கூடாது. கொசு கடிச்சாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி."

இதைத் தினமும் சொல்கிறேன். இப்போது நான் வாயெடுத்தால் அவர்களே கோரஸாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆடிட் முடிந்தது! வெள்ளைக்காரர் ஒருவர், மெட்ராஸ்காரர் இருவர். டிரில் பார்த்துக் கைதட்டினார்கள். பலகையையும் வரிசையையும் போட்டோ எடுத்தார்கள். மதினி பேக்கிங் ஹால் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, தூண் மாதிரி நின்றாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அல்வாப் பெட்டி தந்து, "அமலோற்பவம், கம்பெனி மானத்தைக் காப்பாத்திட்டீங்க" என்றார்.

வீட்டில் அல்வாவைப் பிரித்து முதல் வாயை மதினிக்கு ஊட்டினேன். சந்தோஷமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நாற்பது வயதில், கல்யாணமும் இல்லாமல், அண்ணன் வீட்டு மச்சில் இருக்கிற எனக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

மொட்டைமாடியில் காயப்போட்ட துணியெல்லாம் இன்று அடுத்த வீட்டு அந்தோணியம்மாள் மாடியில் கிடந்தது. வழக்கமாகக் கடல் பக்கம்தான் பறக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. இனி மழைதான். கொடியை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டவேண்டும் என்று மதினி சொன்னாள். சாயங்காலம் இரண்டு பேருமாக மாற்றிக் கட்டினோம்.

அக்டோபர் 23, புதன்

பெண்கள் சோறு தின்ன வேப்பமரத்தடிக்குப் போவதில்லை. சைக்கிள் ஷெட்டில் போய் உட்கார்ந்து சோறும் முள்ளுமாகக் குப்பை போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் சகாயராணி, "அங்க கண்ணு கரிக்குக்கா" என்கிறாள். சோம்பேறித்தனம், நடக்க வலிக்கிறது. சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மதினியின் அம்மா கல்லறையைக் கழுவிப் பூ வைத்தோம். மழை தூறி மெழுகுவர்த்தி நிற்கவில்லை. மதினி முந்தானையால் மறைத்துக்கொண்டு, அது முழுக்க எரிகிற வரைக்கும் எழவே இல்லை. எனக்கு முழங்கால் போயிற்று.

நவம்பர் 6, புதன்

மிஷின் ரூமில் ஒரு வால்வு லேசாகக் கசிகிறதாம், உள்ளே வாஷர் மாற்றவேண்டுமாம். பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிற ஆளைப் பார்க்க வேப்பமரத்தடிக்குப் போனேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினேன்.

சாயங்காலம் மேனேஜரிடம் பேச்சோடு பேச்சாக, "சார், காத்து மாறிட்டுல்லா, நெடி அந்தப் பக்கமா வருது, போர்ட மாத்தணுமோ?" என்றேன்.

"ஆடிட்ல போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா. இப்ப மாத்தினா ஏன் மாத்தினேன்னு நூறு கேள்வி வரும். ஜனவரியில பாத்துக்கலாம்."

அவர் சொல்வதும் சரிதான். பாடுபட்டுப் பழக்கிய பெண்களை இன்னோர் இடத்துக்குப் பழக்குவது யார்? வால்வைத்தான் சரி பண்ணுகிறார்களே.

நவம்பர் 12, செவ்வாய்

மதினி இறந்துவிட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று அடக்கம் முடிந்தது. மழை.

செவ்வாய்க்கிழமை காலையில் அமோனியாக் குழாய் உடைந்துவிட்டது. சைரன் அடித்தது. முறைப்படி எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன். முறைப்படி பெயர் கூப்பிட்டேன். வெள்ளையாகப் புகை மாதிரி தரையோடு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. எப்படி ரோட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. ஒரு காலில் கம்பூட்ஸ் இல்லை. வரிசையின் பின்பக்கம் நின்ற நான்கு பேர் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், பேசும் நிலையில் இல்லை. மதினியை ஆம்புலன்சில் ஏற்றும்போதே உயிர் இல்லையாம்.

ஜெனிட்டாவுக்கு ஒன்றும் இல்லை. பேக்கிங் ஹாலின் முன்வாசலைத் திறந்ததும் நெடி அடித்திருக்கிறது. பேச்சியம்மாள் பயந்து கதவைச் சாத்திவிட்டு, எல்லாரையும் ஐஸ் ஏற்றும் வழியாகக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வேப்பமரத்தடிக்கு வரவே இல்லை. முறைப்படி பார்த்தால் தப்பு. அந்த ஹாலில் ஒருவருக்கும் இருமல்கூட இல்லை.

அடக்கத்துக்கு சகாயராணி வந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் எழுந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நவம்பர் 17, ஞாயிறு

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். மதினி படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

"நீங்க எல்லாம் கரெக்டாத்தான் செஞ்சீங்க. டிரெயினிங், டிரில் எல்லாம் பக்கா. அவங்க வரிசையை விட்டு மகளைத் தேடி ஓடிட்டாங்க. மொத டிரில்லயே ஓடினவங்கதானே? இன்ஸ்பெக்டர் கேட்டா அதைச் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லத் தேவையில்ல."

யோசித்துப் பார்த்தால் அப்படியும் இருந்திருக்கலாம். புகையில் யார் எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? மதினிக்கு மகள் என்றால் கால் நிற்காது, அவளே சொன்னதுதான். வரிசையை விட்டு விலகியிருக்கத்தான் வேண்டும்.

நவம்பர் 20, புதன்

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன், உலை வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். எல்லாரும் அப்படியே தின்றார்கள்.

நவம்பர் 23, சனி

என் அண்ணன் ததேயு கடலுக்குப் போகவில்லை. விசைப்படகு ஓட்டுகிற மனிதர், பத்து நாளாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். துக்கம் கேட்க வருகிற எல்லாரிடமும் ஒரே பேச்சு.

"சொன்ன பேச்சு கேக்கமாட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கா எந்தங்கச்சி, நில்லு நில்லுன்னு. கேட்டாளா? கேட்டிருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பா."

சொல்லிவிட்டு அழுகிறார். செத்தவள்மேல் இத்தனை கோபமா என்று பார்க்கிறவர்களுக்கு இருக்கும். எனக்குத் தெரியும், அவருக்கு அவள்மேல் உயிர். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி ஆற்றி அது பச்சைத் தண்ணீராகிவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

ஜெனிட்டா சாப்பிடுவதில்லை. காது மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். யார் என்ன சொன்னாலும் கேட்கக்கூடாது என்றுதான். அவளிடம் பேச வேண்டுமானால் நேராக முகம் காட்டி, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகப் பேச வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். இப்போது யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

இன்று என்னிடம் மட்டும் ஒன்று கேட்டாள். அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது, தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"அத்த, எங்கம்மா என்னத் தேடித்தானே ஓடுனா? எனக்குக் காது கேட்டிருந்தா செத்திருக்கமாட்டால்லா?"

நான் திரும்பிப் பாத்திரம் விளக்கினேன். முதுகைக் காட்டினால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஜெனிட்டா மயங்கி விழுந்தாள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். "எதுக்கும்மா பட்டினி கெடக்கே?" என்று அவர் கேட்டதற்கு, "எங்கம்மாவ நாந்தான் கொன்னேன்" என்றாள், அதே பெரிய குரலில். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று அமலோற்பவ மாதா திருநாள். என் பெயர் கொண்ட திருநாள். வருஷா வருஷம் மதினி எனக்குச் சேமியாப் பாயசம் வைப்பாள். நான் பூசைக்குப் போகவில்லை.

துணி துவைத்தேன். ஜெனிட்டாவின் ஆரஞ்சுச் சோத்துப் பையும் கிடந்தது. ஒரு மாதமாக அதை யாரும் தொடவில்லை. உள்ளே உலர்ந்த சோறு ஒட்டியிருந்தது, மதினி கட்டிக்கொடுத்தது. கழுவி மாடியில், நானும் அவளுமாக மாற்றிக் கட்டிய கொடியில், வாயைக் காற்றுக்குக் காட்டிக் கிளிப் போட்டேன். வாடைக்காற்று உள்ளே புகுந்து பை விம்மியது. தென்மேற்குப் பக்கமாக விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நினைவில்லை என்று எழுதியது பொய். எல்லாம் நினைவிருக்கிறது.

வேப்பமரத்தடியில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண் எரியுதுக்கா என்றார்கள். முந்தானையால் பொத்துங்க, அசையாதீங்க என்றேன். கடைசியிலிருந்து மதினி கேட்டாள், "அமலி, ஜெனிய இன்னும் காணலயே?" பேக்கிங் ஹால் பக்கம் ஒருவரையும் காணவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. "பேச்சி கூட்டியாருவா. நில்லுங்க மதினி" என்றேன். "நிக்கேன்" என்றாள்.

புகை வரிசையின் பின்பக்கத்திலிருந்து வந்தது. முதலில் தெரிந்தது அவளுக்குத்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், விசிலுக்காக. விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. ஊதியிருந்தால் எல்லாரும் ஓடியிருப்பார்கள். மறுபடி விசில் கேட்கிறவரை அசையக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தது நான்தானே. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கால் மட்டும் கிளம்பிவிட்டது. கம்பூட்ஸ் சேற்றில் மாட்டியதும் உருவிப் போட்டுவிட்டு ஓடினேன். சைக்கிள் ஷெட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு நான் ஓடியது தெரிந்திருக்காது. வெள்ளைக்குள் அந்த வரிசை இன்னும் வரிசையாகவே இருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

கிருபாகரன் சார் போன் பண்ணினார். கம்பெனி திறக்கப்போகிறார்களாம். பலகையை வடகிழக்கு மூலைக்கு மாற்றியாயிற்றாம். நான் வந்து புதிதாக டிரில் பழக்க வேண்டுமாம். "நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நாளை மதினிக்கு முப்பதாம் நாள் பூசை.

மத்தியானம் ஜெனிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

"அம்மா ஒன்னத் தேடி ஓடல" என்றேன்.

என் உதட்டைப் பார்த்தாள். "என்ன?" என்றாள்.

முனகியிருக்கிறேன். இந்தப் பிள்ளையிடம் முனகிச் சொல்லவும் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லவும் முடியாது. வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னேன்.

"அம்மா ஓடல. அம்மா நின்னா. நான் நிக்கச் சொன்ன எடத்துல, நான் நிறுத்துன எடத்துல நின்னா. ஓடுனது நான்."

அடுத்த அறையில் அண்ணன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு நின்றது.

"எங்கம்மா என்னத் தேடலயா?" என்றாள் ஜெனிட்டா.

"கேட்டா. ஒன்னக் காணலயேன்னு கேட்டா. நாந்தான் விடல."

ஜெனிட்டா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரும் என்பது போல. அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு" என்றாள்.

மூன்றாம் முறையும் சொன்னேன். அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"கேட்டிருக்கா" என்றார். "ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவ, சொன்ன பேச்சக் கேட்டிருக்கா."

டிசம்பர் 11, புதன்

பூசைக்கு நான் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் யாரும் வரவில்லை.

பூசை முடிந்து நேராக இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குப் போனேன். காற்றுப்பையைக் கழற்ற வைத்தது, மேனேஜரிடம் பலகையைப் பற்றிக் கேட்டது, அவர் சொன்னது, விசில் ஊதாதது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இந்தத் தடவை தலையாட்டவில்லை. "மொதல்லயே ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஜெனிட்டா அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் காலையில் வைத்துவிட்டுப் போன சோறு தொடாமல் அப்படியே மூடியிருந்தது. தனக்கு வேறே பொங்கியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் காது மிஷினைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டாள்.